வெளிநாட்டு சம்பளத்துல பிடிக்கிற பணம் உங்களுக்குத் திரும்ப வருமா? விசாவை வச்சு கணக்கு போட்டுப் பார்ப்போம்



வெளிநாட்டு வேலை பத்தி பேசுற நம்ம வீடியோக்கள்ல எப்பவும் வர்ற கேள்வி ஒண்ணுதான். "கைக்கு எவ்வளவு வரும், மாசம் எவ்வளவு ஊருக்கு அனுப்பலாம்?" நியாயமான கேள்விதான். ஆனா அந்த பேஸ்லிப்ல நடுவுல ரெண்டு மூணு பிடித்தம் இருக்கும் பாருங்க, அதைப் பத்தி பெரும்பாலும் யாரும் கேக்குறதில்லை. அஞ்சாறு வருஷத்துல அந்தப் பிடித்தம் மட்டுமே பத்து, முப்பது, நாற்பது லட்சம்னு போகும்.

அந்தப் பணத்துக்கு பதிலா உங்களுக்கு என்ன கிடைக்கும்? வேலை போனா, உடம்பு முடியாம போனா, வயசானா அந்த நாடு உங்களைக் கவனிக்குமா? இதுக்கான பதில் நீங்க எவ்வளவு கட்டினீங்கங்கிறதுல மட்டும் இல்லை. உங்க விசா என்னங்கிறதுலயும் இருக்கு. இந்தப் பதிவுல அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை

டி. எச். மார்ஷல்னு ஒரு பிரிட்டிஷ் சமூகவியல் அறிஞர் 1950-ல ஒரு புகழ்பெற்ற கட்டுரை வெளியிட்டார். குடியுரிமைக்குள்ள மூணு வகை உரிமை இருக்குன்னு சொன்னார்: சிவில் உரிமை, அரசியல் உரிமை, சமூக உரிமை. படிப்பு, மருத்துவம், முதுமையில வருமானம் இதெல்லாம் மூணாவது வகை. அவர் மனசுல இருந்தது அந்த நாட்டுலயே பிறந்து வளர்ந்த குடிமகன். வெளியில இருந்து வந்து வேலை பார்த்து வரி கட்டுறவனுக்கு இந்த மூணாவது உரிமையில எவ்வளவு பங்கு? அதை ஒவ்வொரு நாடும் தனக்குத் தோணுற மாதிரி முடிவு பண்ணுது.

முடிவு பண்றதுக்கு அரசு கையில ரெண்டு கத்திரிக்கோல் இருக்கு. ஒண்ணு நலத்திட்டச் சட்டம்: இந்த உதவி யாருக்கு, எத்தனை வருஷம் கழிச்சுன்னு சொல்லும். இன்னொண்ணு குடிவரவுச் சட்டம்: இந்த விசாவுல வந்தவங்க எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு சொல்லும். ரெண்டும் வேற வேற துறையில எழுதுற சட்டம். நம்ம பாக்கெட்ல சேர்ந்து வெட்டும்.

பணமும் ரெண்டு வகை. நீங்க சந்தா கட்டி அதனால கிடைக்கிறது ஒண்ணு, நம்ம ஈபிஎஃப், ஈஎஸ்ஐ மாதிரி. வருமானம் குறைவுன்னு பார்த்து அரசு கொடுக்கிறது இன்னொண்ணு. வெளிநாட்டுக்காரங்களுக்கு ரெண்டாவது வகை பெரும்பாலும் மூடிய கதவுதான். அதுல யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருக்காது. முதல் வகையிலயே கட்டினதுக்கு பலன் வராமப் போற இடங்கள் இருக்கே, அதுதான் நம்ம விஷயம்.

அமெரிக்கா: 40 கிரெடிட் கணக்கு

எச்-1பி விசாவுல வேலை பார்த்தா, சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2%, மெடிகேருக்கு 1.45%, மொத்தம் 7.65% பிடிப்பாங்க. கம்பெனியும் அதே அளவு கட்டும். அமெரிக்கக் குடிமகனுக்கும் இதே சதவீதம்தான். கட்டுற விஷயத்துல எந்த பாகுபாடும் கிடையாது!

வாங்குற விஷயத்துக்கு வாங்க. ஓய்வூதியம் கிடைக்க 40 கிரெடிட் வேணும். வருஷத்துக்கு அதிகபட்சம் 4 கிரெடிட்தான். அதாவது குறைந்தது 10 வருஷம். இது நலத்திட்டச் சட்டம். குடிவரவுச் சட்டம் என்ன சொல்லுது? எச்-1பி அதிகபட்சம் 6 வருஷம். கிரீன் கார்டு வேலை ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தாதான் மேல நீட்டிக்க முடியும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 6 வருஷத்துல 24 கிரெடிட். 40-க்கு 16 பாக்கி.

வருஷம் 1,00,000 டாலர் சம்பளம்னு வச்சுக்குவோம். உங்க பங்கு வருஷத்துக்கு 7,650 டாலர். 6 வருஷத்துக்கு 45,900 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய்னு கணக்கு போட்டா சுமார் 39 லட்சம். கம்பெனி கட்டினது தனி. ஊருக்குத் திரும்பும்போது இதைத் திருப்பிக் கொடுங்கன்னு கேக்க வழி கிடையாது. கிரெடிட் அழியாது, பின்னால திரும்பப் போய் வேலை பார்த்தா தொடரும். அவ்வளவுதான்.

படிக்கப் போனவங்களுக்கு கணக்கு இன்னும் வேற மாதிரி. எஃப்-1 விசாவுல முதல் 5 காலண்டர் வருஷத்துக்கு பொதுவா இந்தப் பிடித்தமே கிடையாது, ஓபிடி காலமும் அதுல சேரும். கையில காசு கூட வருதேன்னு சந்தோஷமா இருக்கும். ஆனா அந்த வருஷங்களுக்கு கிரெடிட்டும் ஏறாது. மாஸ்டர்ஸ், ஓபிடி, அப்புறம் 6 வருஷ எச்-1பின்னு பத்து பதினோரு வருஷம் அங்க இருந்தும் 40-ஐத் தொடாம திரும்புறவங்க இருக்காங்க.

அமெரிக்கா சுமார் 30 நாடுகளோட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கு. அந்த நாட்டுக்காரங்க ரெண்டு நாட்டு வேலைக் காலத்தையும் கூட்டிக்கலாம். இந்தியாவோட அந்த ஒப்பந்தம் இல்லை. இந்தியா பல வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கு.

சரி, 40 எடுத்துட்டீங்க. இந்தியாவுக்குத் திரும்பினா வருமா? வரும். குடிமக்கள் அல்லாதவங்க 6 மாசத்துக்கு மேல வெளியில இருந்தா பணம் நிக்கும்னு பொது விதி ஒண்ணு உண்டு. ஆனா 40 கிரெடிட் உள்ள இந்தியக் குடிமக்களுக்கு விதிவிலக்கு இருக்கு. வரியை மட்டும் மறந்துடாதீங்க: அங்க வசிக்காத வெளிநாட்டவருக்கு ஓய்வூதியத்தோட 85% மேல 30%, அதாவது மொத்தத்துல 25.5% பொதுவா பிடிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க.

மெடிகேர் கதை இன்னும் மோசம். 2025 ஜூலை 4 அன்னைக்கு கையெழுத்தான சட்டம், மெடிகேர் உரிமையை குடிமக்கள், கிரீன் கார்டுதாரர்கள், வேற சில சின்ன பிரிவுகள்னு சுருக்கிடுச்சு. எச்-1பில இருந்து 1.45% வருஷக் கணக்கா கட்டியிருந்தாலும், கிரீன் கார்டு இல்லாம அதோட பலனை எடுக்க முடியாது. பிடித்தம் நிக்கலை, உரிமை மட்டும் போயிடுச்சு. என்னைக் கேட்டா இதை சந்தான்னு சொல்றதே தப்பு.

வேலை போனா? வேலையில்லாக் காப்பீட்டுக்கான வரியை உங்களுக்காகவும் கம்பெனி கட்டிட்டுத்தான் இருக்கும். ஆனா அந்தப் பணம் வாங்கணும்னா "உடனே எந்த வேலையிலயும் சேரத் தயாரா, சட்டப்படி முடியுமா"ன்னு மாநில அரசு கேக்கும். எச்-1பி ஒரு கம்பெனியோட கட்டப்பட்ட விசா. அதனால பெரும்பாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதே நேரத்துல அதிகபட்சம் 60 நாள்ல வேற கம்பெனி பிடிக்கணும், இல்ல கிளம்பணும். மருத்துவக் காப்பீடும் வேலையோட போயிடும். கோப்ரா விதிப்படி 18 மாசம் வரை தொடரலாம்தான், ஆனா கம்பெனி கட்டின பங்கையும் சேர்த்து முழு பிரீமியமும், அதுக்கு மேல 2% வரை கட்டணமும் நீங்களே கட்டணும். சம்பளம் நின்ன மாசத்துல!

அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு எடுக்கிறவங்களுக்கு

அமெரிக்கக் குடியுரிமை வாங்கினதும் நிறைய பேர் செய்யுற முதல் வேலை, பெத்தவங்களுக்கு கிரீன் கார்டு. பாசத்துல கையெழுத்து போடுற ஐ-864 படிவத்தை தயவுசெஞ்சு ஒரு தடவை படிச்சுட்டுப் போடுங்க.

1996 ஆகஸ்ட் 22 அன்னைக்கு அதிபர் பில் கிளிண்டன் ஒரு நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்துல கையெழுத்து போட்டார். அதுவரைக்கும் கிரீன் கார்டு இருந்தா பெரும்பாலான உதவித் திட்டங்கள் குடிமகனுக்குக் கிடைக்கிற மாதிரியே கிடைச்சுது. அதுக்கு அப்புறம் வந்தவங்க, மெடிகெய்டு போன்ற வருமானம் பார்த்துக் கொடுக்கிற மத்திய அரசுத் திட்டங்களுக்கு பொதுவா 5 வருஷம் காத்திருக்கணும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாநிலங்கள் விரும்பினா இதைத் தளர்த்தலாம். வயசான பெத்தவங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கவனிச்சீங்களா, கிரீன் கார்டு அதே கிரீன் கார்டுதான். நலத்திட்டச் சட்டம் மாறினதும் அதோட மதிப்பு குறைஞ்சுடுச்சு.

ஐ-864 அதே கட்டத்துல சட்டப்படி கட்டுப்படுத்துற ஒப்பந்தமா ஆச்சு. உங்க பெத்தவங்க குடிமக்கள் ஆகுற வரை, அல்லது 40 காலாண்டு வேலை கணக்கு சேருற வரை, அல்லது நிரந்தரமா நாட்டை விட்டுப் போற வரை, அல்லது காலமாகுற வரை அவங்க செலவுக்கு நீங்க பொறுப்பு. அவங்க அரசு உதவி எடுத்தா அரசு உங்ககிட்ட வசூல் பண்ணலாம். "பார்த்துக்கலாம்"ங்கிற வார்த்தை இங்க எடுபடாது.

65 வயசு தாண்டி வந்தவங்க, கிரீன் கார்டோட 5 வருஷம் தொடர்ந்து அங்க வசிச்ச பிறகு மெடிகேரை காசு கொடுத்து வாங்கலாம். 2025 கணக்குப்படி ஏ பகுதிக்கு மாசம் 518 டாலர், பி பகுதிக்கு 185 டாலர். ஒருத்தருக்கு 703. ரெண்டு பேருக்கு 1,406 டாலர், ஒவ்வொரு மாசமும். முதல் 5 வருஷத்துக்கு தனியார் காப்பீடுதான். மதுரையிலயோ திருச்சியிலயோ நல்லா இருக்கிற பெத்தவங்களை அங்க நிரந்தரமா மாத்தணுமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த எண்ணை அண்ணன் தம்பி எல்லாரும் உக்கார்ந்து பேசுங்க. யார் ஸ்பான்சரோ அவர் தலையிலதான் சட்டப் பொறுப்பு, பாசம் எல்லாருக்கும் சமமா இருந்தாலும்.

பிரிட்டன்: முன்பணம் கட்டிட்டு உள்ள வாங்க

பிரிட்டன்ல வெட்டுறது விசா. ஸ்கில்டு வொர்க்கர் விசாவுல "பொது நிதியை நாடக்கூடாது"ன்னு ஒரு நிபந்தனை இருக்கும். 1999 குடிவரவு, புகலிடச் சட்டத்துல இருந்து வர்றது. யூனிவர்சல் கிரெடிட், வீட்டு வாடகை உதவி, சைல்டு பெனிஃபிட் எல்லாம் இந்த "பொது நிதி"ல அடங்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வாங்குறாரேன்னு நீங்களும் விண்ணப்பிச்சா, அது விசா நிபந்தனையை மீறினதா ஆகும். ரெண்டு குழந்தைக்கு 2025-26-ல வாரம் 43.30 பவுண்டு, வருஷத்துக்கு சுமார் 2,250 பவுண்டு. இந்தத் தொகை உங்க பட்ஜெட்ல வராது, எக்செல்லைத் திறந்து எடுத்துடுங்க.

எது பொது நிதி இல்லைன்னும் தெரிஞ்சுக்கணும், ஏன்னா பயத்துல உரிமையுள்ளதையும் விட்டுடறவங்க இருக்காங்க. அரசுப் பள்ளி, என்ஹெச்எஸ் மருத்துவம், கம்பெனி வழியா வர்ற சட்டப்படியான நோய்க்கால, மகப்பேறு ஊதியம், நீங்க கட்டின நேஷனல் இன்சூரன்ஸ் மேல வர்ற ஓய்வூதியம் இதெல்லாம் தாராளமா எடுக்கலாம். இங்கிலாந்துல 3, 4 வயசுக் குழந்தைக்கு வாரம் 15 மணி நேர இலவச பராமரிப்பும் உண்டு. வேலைக்குப் போற பெற்றோருக்கான 30 மணி நேரம் மட்டும், ரெண்டு பேருக்குமே அந்த நிபந்தனை இருந்தா கிடைக்காது.

என்ஹெச்எஸ் இலவசம்னு சொன்னா நம்பாதீங்க. விசா எடுக்கும்போதே குடிவரவு மருத்துவக் கட்டணம் முழுசா முன்பணமா கட்டணும். 2015-ல வருஷம் 200 பவுண்டுல ஆரம்பிச்சுது. 2024 பிப்ரவரி 6-ல இருந்து பெரியவங்களுக்கு 1,035, 18 வயசுக்குக் கீழ 776. கணவன், மனைவி, ரெண்டு குழந்தை, 5 வருஷ விசா: 18,110 பவுண்டு. ஒரு பவுண்டு 110 ரூபாய்னா கிட்டத்தட்ட 20 லட்சம், முதல் மாசச் சம்பளம் வாங்குறதுக்கு முன்னாடியே. அதுக்கு அப்புறம் மத்தவங்க மாதிரி வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் தனியா போகும். ஒரே மருத்துவமனைக்கு ரெண்டு டிக்கெட்! ஹெல்த் அண்ட் கேர் விசாவுக்கு இந்தக் கட்டணம் இல்லை, ஆனா அந்த வழியில வர்ற கேர் வொர்க்கர்கள் 2024 மார்ச் 11-ல இருந்து குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாதுன்னு ஆச்சு. 2025 ஜூலையில அந்த வேலைக்கு வெளிநாட்டுல இருந்து ஆள் எடுக்கிறதையே நிறுத்திட்டாங்க.

ஓய்வூதியத்துக்கு இங்கயும் குறைந்தது 10 வருஷம். முழுத் தொகைக்கு 35 வருஷம். 41,700 பவுண்டு சம்பளத்துக்கு வருஷம் சுமார் 2,330 பவுண்டு நேஷனல் இன்சூரன்ஸ் போகும். 5 வருஷம் கட்டிட்டுத் திரும்பினா அந்த 11,650 பவுண்டுக்கு ஓய்வூதியம் பூஜ்யம். சரியா 10 வருஷம் இருந்தா, 2025-26 கணக்குல வாரம் 230.25 பவுண்டுல 35-க்கு 10 பங்கு, அதாவது ஏறக்குறைய 65.80. அதையும் இந்தியாவுல இருந்து வாங்கினா, முதல் தடவை என்ன தொகையோ அதுவே ஆயுசுக்கும். பிரிட்டன்ல இருக்கிறவருக்கு வருஷாவருஷம் ஏறும், உங்களுக்கு ஏறாது.

"இப்பதான் வர்த்தக ஒப்பந்தம் வந்துச்சே, இனிமே பிடித்தம் இல்லையாமே"ன்னு வாட்ஸப்ல சுத்துது. பாதி உண்மை. 2025 ஜூலை 24 அன்னைக்கு கையெழுத்தான ஒப்பந்தத்தோட சேர்ந்து வர்ற இரட்டைச் சந்தா ஏற்பாடு, இந்தியக் கம்பெனி தன் ஊழியரை தற்காலிகமா அங்க அனுப்பினா மட்டும் பொருந்தும். அவங்க இங்க ஈபிஎஃப் கட்டினா போதும். லண்டன் கம்பெனி நேரா வேலைக்கு எடுத்தவங்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

நிரந்தரக் குடியுரிமைக்கு 5 வருஷம்னு இருந்ததை பொதுவா 10 வருஷமாக்குற திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில அரசு முன்வச்சுது. இது உங்களுக்கு எப்படிப் பொருந்தும்னு கிளம்புறதுக்கு முன்னாடி உறுதி பண்ணிக்கோங்க. ஏன்னா இது வெறும் காத்திருப்பு இல்லை. ஒவ்வொரு கூடுதல் வருஷமும் குடும்பத்துக்கு 3,622 பவுண்டு மருத்துவக் கட்டணம், கூடவே சைல்டு பெனிஃபிட் இல்லாத இன்னொரு வருஷம்.

ஜெர்மனி ஏன் வேற மாதிரி

ஜெர்மனியில பிடித்தம் இதைவிட அதிகம். ஓய்வூதியத்துக்கு மட்டும் 18.6%, அதுல பாதி உங்க பங்கு. பேஸ்லிப் பார்த்தா நெஞ்சு அடைக்கும். ஆனா அங்க சந்தா கட்டினவனுக்கு உரிமை வருது. வேலை போனா, பொதுவா 30 மாசத்துல 12 மாசம் கட்டியிருந்தாலே நிகர சம்பளத்துல 60%, குழந்தை இருந்தா 67% வேலையில்லாப் படி. அனுமதி உள்ள வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் குழந்தைப் படி உண்டு, 2025-ல குழந்தைக்கு மாசம் 255 யூரோ. ஓய்வூதியத்துக்கு 5 வருஷம் போதும்.

இன்னொரு பெரிய விஷயம், இந்தியாவோட விரிவான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1-ல இருந்து அமல்ல இருக்கு. நீங்க ஜெர்மனியில 4 வருஷம்தான் இருந்தீங்க, ஆனா இங்க ஈபிஎஸ் ஓய்வூதியத் திட்டத்துல சில வருஷம் இருந்தீங்கன்னா, தகுதிக்கு ரெண்டையும் கூட்டிப் பார்ப்பாங்க. ஜெர்மனி தன் 4 வருஷத்துக்கான பங்கைக் கொடுக்கும். ஒண்ணு மட்டும் பாருங்க: 2014 செப்டம்பருக்கு அப்புறம் புதுசா ஈபிஎஃப்ல சேர்ந்து, அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல இருந்தா நீங்க ஈபிஎஸ்ல இருக்க மாட்டீங்க. பாஸ்புக்ல பென்ஷன் பங்குன்னு தொகை ஏறியிருக்கான்னு பார்த்தா தெரிஞ்சுடும். கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், பிரான்ஸ், நெதர்லாந்தோடயும் இந்தியாவுக்கு ஒப்பந்தம் இருக்கு. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்.

வளைகுடா, சிங்கப்பூர்

இங்க கதை சின்னது. பிடித்தமும் இல்லை, உரிமையும் இல்லை. சிங்கப்பூர்ல சிபிஎஃப் குடிமக்களுக்கும் பிஆருக்கும் மட்டும்தான். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் யாருக்கும் கிடையாது. கையில கூடுதலா வர்ற அந்தப் பணம்தான் உங்க ஓய்வூதியம். செலவு பண்ணிட்டா அவ்வளவுதான்.

அமீரகத்துல பணிக்கொடை உண்டு: முதல் 5 வருஷம் வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதுக்கு மேல 30 நாள். ஆனா கணக்கு அடிப்படைச் சம்பளத்துல. மொத்தம் 8,000 திர்ஹாம், அடிப்படை 4,000 மட்டும்னா, 5 வருஷத்துக்கு 14,000 திர்ஹாம். ஒப்பந்தம் பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீங்க, அடிப்படை எவ்வளவுன்னு கேளுங்க. 2023 ஜனவரியில இருந்து வேலையிழப்புக் காப்பீடும் வந்துருக்கு. அடிப்படை 16,000 வரைன்னா மாசம் 5 திர்ஹாம்தான் சந்தா. 12 மாசம் விடாம கட்டியிருந்தா, நீங்களா ராஜினாமா பண்ணாம வேலை போனா, அடிப்படையில 60% மூணு மாசம் வரை. 30 நாளுக்குள்ள கேக்கணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி

அமெரிக்கா, பிரிட்டன்ல 10 வருஷம் நிச்சயம் இருப்பேன்னு தெரியாதவங்க, உங்க ஓய்வுக்காலத் திட்டத்துல அந்த நாட்டு ஓய்வூதியத்துக்கு எதிர்ல பூஜ்யம்னே எழுதுங்க. 401கே வேற விஷயம். அதுல நீங்க போட்ட பணம் உங்களுது, விசா எதுவானாலும். கம்பெனி சேர்த்துப் போடுற பங்கு எத்தனை வருஷத்துல உங்க பேருக்கு வரும்னு மட்டும் பார்த்துக்கோங்க.

எமர்ஜென்சி ஃபண்டுக்கு நம்ம வழக்கமா 6 மாசச் செலவுன்னு சொல்லுவோம். விசாவுல இருக்கிறவங்களுக்கு அதோட வீட்டு ஒப்பந்தத்தை முறிக்கிற செலவு, குடும்பத்துக்கே டிக்கெட், சாமான் அனுப்புற செலவு, இங்க வந்து வேலை தேடுற காலம் எல்லாம் சேரும். 60 நாள்ல ஒரு வீட்டைக் காலி பண்றது சும்மா இல்லை.

இங்க இருக்கிற ஹெல்த் இன்சூரன்ஸை "அங்கதான் இருக்கே"ன்னு நிறுத்தாதீங்க. திரும்பி வந்து புதுசா எடுத்தா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருப்பு மறுபடி முதல்ல இருந்து ஓடும். கம்பெனி உங்களை ஒப்பந்தம் உள்ள நாட்டுக்கு அனுப்புதுன்னா, கவரேஜ் சான்றிதழை ஈபிஎஃப்ஓ-ல எடுத்தாச்சான்னு எச்ஆர்-கிட்ட எழுத்துல கேளுங்க. அது இல்லைன்னா ரெண்டு பக்கமும் பிடிப்பாங்க.

அப்புறம், கணவன் மனைவி சேர்ந்து தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு. அமெரிக்காவுல ஓய்வூதியத்துக்குத்தான் 40 கிரெடிட். வேலை பார்த்தவர் இறந்துட்டா, கடைசி மூணேகால் வருஷத்துல 6 கிரெடிட் இருந்தாலே 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு மாதாந்திர உதவித்தொகை வர வாய்ப்பு இருக்கு. பிள்ளை அமெரிக்கக் குடிமகனா இருந்தா, குடும்பம் இந்தியாவுக்கு வந்துட்டாலும் வாங்க முடியும். தானா வராது, விண்ணப்பிக்கணும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும், வருஷாவருஷம் ஆன்லைன்ல எடுக்கிற ஸ்டேட்மென்ட்டையும் டேர்ம் இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிற அதே ஃபைல்ல வச்சு, அந்த ஃபைல் எங்க இருக்குன்னு வீட்டுல சொல்லி வைங்க.